நடைமேடையில் மிச்சமாகும் நிமிடங்கள்

ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் போய்வரும் வரதய்யபாளையம் பக்கத்தில், கூட்ட நேரத்தில் ஒரு பஸ் வந்து நிற்பதைக் கவனியுங்கள். இறங்குகிறவர்கள் இறங்கி முடிப்பதற்குள் ஏறுகிறவர்கள் படியை அடைத்துக்கொள்கிறார்கள். படிகளோ செங்குத்து. கைக்குழந்தையோடு வந்த பெண்ணும் முழங்கால் வலிக்கிற பெரியவரும் ஏறி முடிக்க நேரமாகிறது. முன்னால் சாலை காலியாகத்தான் கிடக்கிறது, வண்டி நகரவில்லை.

இதற்குத் தீர்வாகச் சொல்லப்படும் விரைவுப் பேருந்துச் சேவை (பி.ஆர்.டி.எஸ்.) என்றதும் எல்லோரும் சாலை நடுவில் பிரித்துவிட்ட தனித் தடத்தைத்தான் நினைக்கிறார்கள். தடம் தேவைதான். ஆனால் அந்தச் சேவையின் உயிர் நிலையத்தில் இருக்கிறது என்பேன். பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974-இல் தனித் தடம் போட்டது. 1991-இல் கண்ணாடிக் குழாய் போன்ற நிலையங்களைக் கட்டியது. பயணி வாசலிலேயே கட்டணம் செலுத்தி உள்ளே காத்திருப்பார். நிலையத்தின் தரையும் பஸ்ஸின் தரையும் ஒரே மட்டம். பஸ் நின்றதும் எல்லாக் கதவுகளும் திறக்கும், நடந்தே உள்ளே போய்விடலாம்.

இதை நம் நாட்டில் ஊன்றிச் செய்த ஊர் அகமதாபாத். 2009 அக்டோபரில் ஜன்மார்க் சேவை தொடங்கியது. திட்டமிட்டது அங்குள்ள செப்ட் பல்கலைக்கழகம். நிலையங்கள் சாலையின் நடுவே இருப்பதால் இரு திசைக்கும் ஒரே கட்டடம் போதும். ஆகவே பஸ்ஸுக்கு வலப் பக்கத்தில் கதவு வைத்தார்கள். நடைமேடை சுமார் 90 சென்டிமீட்டர் உயரம்.

பழைய பஸ் ஸ்டாண்டை இந்த முறைக்கு மாற்றுவதுதான் பெரிய வேலை. நம் பக்கத்து நிலையங்கள் பலவற்றில் பஸ் நடைமேடையை நோக்கி முகத்தை நுழைத்து நிற்கும். புறப்படும்போது கண்டக்டர் விசிலடிக்கப் பின்னால் எடுக்க வேண்டும். நிமிடத்துக்கொரு வண்டி வரும் சேவையில் இது நடக்காது. வண்டி மேடையை ஒட்டிப் பக்கவாட்டில் வந்து நின்று, நேராக வெளியேற வேண்டும். மேடைக்கும் வண்டிக்கும் இடைவெளி அகலமானால் கால் சிக்கிக்கொள்ளும். அதனால் நடைமேடை ஓரம் நேர்க்கோடாக இருக்க வேண்டும், ஓட்டுநருக்கும் தனிப் பயிற்சி வேண்டும். கிராமங்களிலிருந்து வரும் சாதாரண பஸ்களை மேடையின் மறுபக்கம் நிறுத்தினால், பயணி சாலையைக் கடக்காமலே வண்டி மாறலாம்.

இன்னொன்று, முந்திச் செல்லும் தடம். ஒரு வண்டி நிற்கும்போது பின்னால் வரும் விரைவு வண்டி காத்திருக்கக் கூடாது. 22 கிலோமீட்டர் நீளமுள்ள ஹூப்ளி–தார்வாட் தடத்தில், 2018-இல் ஓடத் தொடங்கிய 'சிகரி' பஸ்களுக்கு நிலையங்களில் அந்த வசதி உண்டு. கொலம்பியாவின் பொகோட்டா நகரம், 2000-இல் தொடங்கிய தன் சேவையில், ஒரு திசையில் மணிக்கு 40,000 பேருக்கு மேல் ஏற்றிச் செல்ல முடிந்ததற்கு இந்த இரண்டாம் தடம் முக்கியக் காரணம்.

நிலையம் தவறினால் தடமும் நிலைக்காது. டெல்லியில் விரைவுப் பேருந்து நிலையங்களைச் சிக்னலை ஒட்டி வைத்தார்கள். பச்சை விளக்குக்கும் மேடைக்கும் நடுவே பஸ்கள் வரிசை கட்டின. 2008-இல் திறந்த 5.8 கிலோமீட்டர் தடத்தை 2016-இல் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். ஆந்திரத்திலேயே விஜயவாடாவில் தடத்துக்கென்று போட்ட சாலைக்கு 'பி.ஆர்.டி.எஸ். ரோடு' என்ற பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.

நிலையத்தின் வரைபடத்தில் கடைசியாக இடம் கேட்பது சரிவுப் பாதை. 90 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சக்கர நாற்காலி ஏற, 12-க்கு 1 என்ற சரிவில் கிட்டத்தட்ட 11 மீட்டர் நீளம் வேண்டும். குறுகிய சாலைகளில் பொறியாளர்கள் முதலில் வெட்ட நினைப்பது இதைத்தான். இதை வெட்டிவிட்டு அங்கே படி கட்டினால், வண்டியிலிருந்து எடுத்த படியை நிலைய வாசலுக்கு மாற்றி வைத்ததாகத்தான் ஆகும்.