சோற்றில் இல்லாத உப்பு

1942ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள டியூக் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு 33 வயதுப் பெண் ஒருவர் வந்தார். சிறுநீரகங்கள் கெட்டிருந்தன. ரத்த அழுத்தம் 190/120. விழித்திரையில் ரத்தம் கசிந்திருந்தது. அந்தக் காலத்தில் இதற்கு உருப்படியான மாத்திரை எதுவும் கிடையாது. இந்த நிலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அதிக நாள் உயிரோடு இருந்ததில்லை.

அவரைப் பார்த்த மருத்துவர் வால்டர் கெம்ப்னர், நாஜிகளின் ஜெர்மனியை விட்டு வெளியேறி அங்கே வந்து சேர்ந்தவர். அவர் எழுதிக் கொடுத்த வைத்தியம் வெள்ளைச் சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை, கொஞ்சம் சத்து மாத்திரை. உப்பு ஒரு கல் கூடச் சேர்க்கக் கூடாது. இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். அவருடைய கனத்த ஜெர்மானிய உச்சரிப்பில் அது அந்தப் பெண்ணின் காதில் இரண்டு மாதம் என்று விழுந்ததாகச் சொல்வார்கள். இரண்டு மாதமும் அவர் அதையே சாப்பிட்டார். திரும்பி வந்தபோது ரத்த அழுத்தம் 124/84. விழித்திரைக் கசிவு மறைந்திருந்தது. வீங்கிப் போயிருந்த இதயமும் சுருங்கியிருந்தது.

மூன்று வேளையும் சோறு தின்கிற நமக்கு இது வியப்பாக இருக்கும். சோறு ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்றால் தஞ்சாவூரில் யாருக்கும் பி.பி. இருக்கக் கூடாதே! விடை எளிது. அரிசியில் சோடியம் இல்லை என்றே சொல்லலாம். நூறு கிராமில் சில மில்லிகிராம் தேறும், அவ்வளவுதான். நாம் அந்தச் சோற்றை உப்புப் போட்ட குழம்பில் பிசைந்து, உப்புப் போட்ட பொரியலோடு, உப்பிலேயே ஊறிய ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, பொரித்த அப்பளத்தை நொறுக்கிச் சாப்பிடுகிறோம். கெம்ப்னரின் தட்டில் ஒரு நாளைக்கு அரை கிராம் உப்பு கூடச் சேரவில்லை. இந்தியர் ஒருவர் உண்ணும் உப்பு சராசரியாக நாளுக்கு 8 முதல் 11 கிராம் என்கின்றன வெவ்வேறு ஆய்வுகள். உலக சுகாதார நிறுவனம் போதும் என்று சொல்வது 5 கிராமுக்கும் குறைவு. ஒரு தேக்கரண்டி கூட நிறையாது.

கெம்ப்னரின் உணவு கடுமையானது. அதில் புரதம் மிகக் குறைவு, சர்க்கரை மிக அதிகம். அதை வீட்டில் யாரும் முயன்று பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அது ஒரு கதவைத் திறந்துவிட்டது. தட்டில் இருப்பதை மாற்றினால் ரத்தக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் மாறும் என்பதைக் கண்ணால் காண முடிந்தது. எப்படி மாறுகிறது என்பதில்தான் எனக்குத் தீராத வியப்பு.

விலாவுக்குப் பின்னால், ஆளின் கைமுட்டி அளவில் இருக்கும் இரண்டு சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அந்த நீரில் கரைந்திருக்கும் உப்பு சுமார் ஒன்றரைக் கிலோ. ஒன்றரைக் கிலோ! அத்தனையையும் வெளியே விட்டால் அன்றே ஆள் முடிந்தான். ஆகவே லட்சக்கணக்கான நுண்ணிய குழல்களின் வழியே அந்த உப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கும் மேல் மீண்டும் ரத்தத்துக்கே இழுக்கப்படுகிறது. மிஞ்சும் சிறு பங்குதான் சிறுநீரில் போகிறது. இதில் நூற்றில் ஒரு பங்கு பிசகினாலும் 15 கிராம் உப்புக் கணக்கு இடிக்கும். நாம் சாப்பிடும் மொத்த உப்பையும் விட அது அதிகம். இத்தனை நுணுக்கமாக ஓடும் ஒரு கணக்கு, நம் வாழ்நாள் முழுவதும், நாம் அறியாமலே நடக்கிறது.

சிறுநீரகம் இவ்வளவு கருமியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மனித இனம் உருவான காலத்தின் பெரும்பகுதியில் உப்பு அரிய பொருள். கிழங்கிலும் கனியிலும் கீரையிலும் பொட்டாசியம் கொட்டிக் கிடந்தது, சோடியம் சொற்பம். கிடைத்த சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உடல்தான் தப்பிப் பிழைத்தது. இன்று அதே உடலுக்குள் உப்பு வெள்ளமாக வருகிறது. வந்த உப்பு தாகத்தை எழுப்புகிறது, தண்ணீரைத் தன்னோடு தேக்குகிறது, ரத்தத்தின் கன அளவு கூடுகிறது, அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் சிறுநீரகத்தின் வழியே அதிக உப்பை வெளியே தள்ளுகிறது. வரவும் செலவும் சரியாகிவிடும்; ஆனால் அழுத்தம் முன்பிருந்ததை விட ஒரு படி மேலே நின்றுவிடும். மிசிசிப்பியில் ஆய்வு செய்த ஆர்தர் கைட்டன் இந்த விளக்கத்தை வகுத்தார். சில நுணுக்கங்களில் இன்றும் விவாதம் நடக்கிறது. ஆனாலும் சிறுநீரகத்தை விட்டுவிட்டு நாள்பட்ட ரத்த அழுத்தத்தை யாரும் விளக்குவதில்லை.

உப்பு எல்லாரையும் ஒன்றுபோல் பாதிப்பதும் இல்லை. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் லூயிஸ் டால் எலிகளுக்கு உப்பைக் கொடுத்து, அழுத்தம் ஏறிய எலிகளைத் தமக்குள்ளும் ஏறாத எலிகளைத் தமக்குள்ளும் இணைசேர விட்டார். சில தலைமுறைகளில் இரண்டு வம்சங்கள் பிரிந்தன: உப்புக்கு மசிகிற எலி, மசியாத எலி. மனிதரிலும் அப்படித்தான். வயதானவர்கள், ஏற்கெனவே அழுத்தம் உள்ளவர்கள், சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் உப்புக்கு அதிகம் மசிகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஊறுகாயை அள்ளித் தின்றும் 80 வயது வரை இருந்தார் என்பது உண்மையாகவே இருக்கலாம். அது நமக்குப் பாதுகாப்பு ஆகாது.

வயது ஏற ஏற அழுத்தமும் ஏறத்தான் செய்யும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1988இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வு 32 நாடுகளில் 52 இடங்களில் பத்தாயிரம் பேருக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரையும் அழுத்தத்தையும் அளந்தது. அமேசான் காட்டில் வாழும் யானோமாமி மக்களின் சிறுநீரில் சோடியம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அவர்களின் சராசரி அழுத்தம் 96/61. அங்கே வயதான கிழவருக்கும் இளைஞருக்கும் அழுத்தத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. உப்பு ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. அவர்கள் ஒல்லியானவர்கள், உழைப்பவர்கள், மதுவும் அறியாதவர்கள். ஆனால் அழுத்தம் ஏறுவது முதுமையின் விதி அல்ல என்பதற்கு அந்த மக்கள் உயிருள்ள சான்று.

இதுவரை சோடியத்தைத்தான் பேசினேன். கதையின் மறுபாதி பொட்டாசியம். மருத்துவரிடம் போனால் உப்பைக் குறையுங்கள் என்பார்கள். பொட்டாசியத்தைக் கூட்டுங்கள் என்று சொல்லக் கேட்பது அபூர்வம். இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

சிறுநீரகக் குழலின் பின்பகுதியில் சோடியத்தைத் திரும்ப இழுக்கும் ஒரு மதகு இருக்கிறது. உணவில் பொட்டாசியம் குறைந்தால் உடல் அதைக் காப்பாற்ற முனைகிறது. அதற்காக இந்த மதகைத் திறந்து சோடியத்தை முன்கூட்டியே உள்ளே இழுத்துக்கொள்கிறது. பொட்டாசியம் கூடினால் மதகு மூடிக்கொள்ளும், சோடியம் சிறுநீரோடு போகும். ரத்த அழுத்தத்துக்குப் பல காலமாகத் தரப்படும் தயசைடு வகை மாத்திரைகள் அடைப்பதும் இதே மதகைத்தான். முருங்கைக்கீரைப் பொரியலும் வாழைப்பழமும் இளநீரும் பயறும், மாத்திரை வேலை செய்யும் அதே இடத்தில், மென்மையாக வேலை செய்கின்றன. மாத்திரைக்கு அவை மாற்று இல்லை. ஆனாலும் கீரைக்காரம்மாவின் கூடைக்கும் மருந்துக்கடைக்கும் உடலுக்குள் ஒரே முகவரி இருப்பதை அறிந்தபோது எனக்குச் சிலிர்த்தது.

இதை மாபெரும் அளவில் சோதித்தவர்கள் சீனத்தில் இருந்தார்கள். நாட்டுப்புறத்தில் 600 ஊர்கள்; 20,995 பேர். பெரும்பாலோர் ஏற்கெனவே பக்கவாதம் கண்டவர்கள், மற்றவர்கள் 60 வயதைக் கடந்த ரத்த அழுத்தக்காரர்கள். பாதி ஊர்களுக்கு வழக்கமான உப்பு. மறுபாதிக்கு முக்கால் பங்கு சோடியம் குளோரைடும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு. வேறு எதையும் மாற்றவில்லை. அதே சமையல், அதே கை. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பார்த்தார்கள். மேல் அளவு அழுத்தம் சராசரியாக 3 புள்ளி சொச்சம்தான் இறங்கியது. மருத்துவமனை வரிசையில் யாரும் பொருட்படுத்தாத அளவு. ஆனால் பக்கவாதம் 14 சதவீதமும் சாவு 12 சதவீதமும் குறைந்தன. 2021இல் இந்த முடிவு வெளியானது. 2025 தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் வீட்டுச் சமையலுக்கு இத்தகைய உப்பைப் பரிந்துரைத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை மிக அவசியம். சிறுநீரகம் பழுதானவர்களும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் சில அழுத்த, இதய மாத்திரைகளை உண்பவர்களும் இந்த உப்பைத் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் எல்லை மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். அவர்களுக்கு இளநீரும் கூட மருத்துவரைக் கேட்டுத்தான்.

இன்னொன்று. இந்துப்பு முழுக்கப் பொட்டாசியம் என்று ஒரு செய்தி கைபேசிகளில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்திலிருந்து வரும் அந்த இளஞ்சிவப்புப் பாறை உப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். கல்லுப்பும் அதுவே, தூளுப்பும் அதுவே. அழுத்தம் உள்ளவர்கள் இதை நம்பித் தாராளமாகப் போட்டுக்கொள்வதைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது.

பொட்டாசியம் தண்ணீரில் கரைவது. கீரையையும் கிழங்கையும் வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் அதில் ஒரு பங்கு சாக்கடைக்குப் போகும். மாங்காயில் சோடியம் அநேகமாக இல்லை. ஊறுகாய் ஜாடிக்குள் போனதும் கணக்கு தலைகீழாகிறது. பச்சை மீனுக்கும் கருவாட்டுக்கும் இடையிலும் இதே தலைகீழ் மாற்றம்தான். பதப்படுத்தும் பல முறைகளில் சோடியம் ஏறுகிறது, பல நேரம் பொட்டாசியம் இறங்குகிறது. ரொட்டி, பிஸ்கெட், நூடுல்ஸ் பொட்டலம் இவற்றில் உள்ள உப்பு நாக்குக்குக் கூடத் தெரியாது.

பீட்ரூட்டும் கீரைகளும் இன்னொரு வழியிலும் அழுத்தத்தைத் தொடுகின்றன. அவற்றில் உள்ள நைட்ரேட்டைக் குடல் உறிஞ்சி ரத்தத்தில் சேர்க்கும். உமிழ்நீர்ச் சுரப்பிகள் அதை ரத்தத்திலிருந்து பொறுக்கி வாய்க்குத் திரும்ப அனுப்பும். நாக்கின் பின்பகுதியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட் ஆக்கும். விழுங்கிய பின் அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு உருவாகி ரத்தக் குழாயைத் தளர்த்தும். அந்த வாயு ரத்தக் குழாய்க்கு அனுப்பும் செய்தியைக் கண்டறிந்ததற்காகத்தான் 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் நோபல் பரிசு. நாக்குப் பாக்டீரியாக்களைக் கிருமிநாசினி வாய்க்கழுவியால் கொன்றால் இந்தச் சங்கிலி அறுந்து, ஆரோக்கியமானவர்களுக்கே அழுத்தம் இரண்டு மூன்று புள்ளி ஏறுவதை அளந்திருக்கிறார்கள்.

மதுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கூடக் கூட அழுத்தம் கூடும். காபி குடித்த சில மணி நேரத்துக்கு அழுத்தம் ஏறும். தினம் குடிப்பவர்களுக்கு உடல் பழகி, ஏற்றம் மட்டுப்படும். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரமாவது காபியைத் தவிர்க்க வேண்டும். அதிமதுரம்தான் பலர் அறியாத ஆபத்து. இருமலுக்கு இரண்டு நாள் சுவைப்பதில் கவலை இல்லை. வாரக்கணக்கில் கஷாயமாகக் குடித்தால், அதன் இனிப்புப் பொருளான கிளைசிரைசின் சிறுநீரகத்தில் ஒரு நொதியை முடக்கிவிடும். அதன் பின் கார்டிசால் என்ற ஹார்மோன், உப்பைத் தேக்கச் சொல்லும் ஆல்டோஸ்டிரோனின் இடத்தில் போய் உட்கார்ந்து அதன் வேலையைச் செய்யும். சோடியம் தேங்கும், பொட்டாசியம் ஒழுகும், அழுத்தம் ஏறும். மூலிகை என்பதால் தீங்கில்லை என்று எண்ணுவோர் இதை அறிய வேண்டும்.

உப்பைக் குறைத்தால் சாப்பாடு வாயில் வைக்க விளங்காது என்பதுதான் எல்லா வீட்டிலும் எழும் மறுப்பு. முதல் சில வாரங்களுக்கு அது உண்மை. 1980களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்றில், உப்பைக் குறைத்து உண்டவர்களுக்கு இரண்டு மூன்று மாதங்களில் விருப்பமான உப்பளவே கீழே இறங்கிவிட்டது. முன்பு ருசித்த சூப்பு அவர்களுக்குக் கரித்தது. ஆகவே ஒரே நாளில் பாதியாக்காமல், குழம்புக்குப் போடும் உப்பில் வாரத்துக்கு ஒரு சிட்டிகை குறைத்துக்கொண்டே வந்து, அந்த இடத்தில் புளியும் எலுமிச்சையும் மிளகும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டால், பந்தியில் உட்காருபவர்கள் பெரும்பாலும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.