கேட்ச் விட்டால் கூவலாமா?

2019 டிசம்பர் 8. திருவனந்தபுரம் காரியவட்டத்தில் உள்ள கிரீன்ஃபீல்டு மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகளோடு இந்தியாவுக்கு இரண்டாவது டி20. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறிப் போன பலருக்கும் மனசு முழுக்க சஞ்சு சாம்சன்தான். விழிஞ்ஞம் பக்கத்துப் பிள்ளை, மார் இவானியோஸ் கல்லூரியில் படித்தவர். அணியில் பெயர் இருந்தது. ஆடும் பதினொருவரில் இல்லை.

இந்தியா எடுத்தது 170 ரன். எதிரணி ஆடியபோது, புவனேஷ்வர் குமாரின் ஒரே ஓவரில் தொடக்க வீரர் சிம்மன்ஸ் கொடுத்த எளிதான கேட்சை வாஷிங்டன் சுந்தர் கோட்டைவிட்டார். லூயிஸ் கொடுத்ததைக் கீப்பர் ரிஷப் பந்த் பாய்ந்தும் பிடிக்க முடியவில்லை. கேலரியில் கூச்சல். அதோடு "சஞ்சு, சஞ்சு" என்ற முழக்கம். எல்லைக்கோட்டில் நின்ற கேப்டன் கோலி, 'என்ன இது?' என்று கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தார். சிம்மன்ஸ் ஆட்டமிழக்காமல் 67 அடிக்க, எட்டு விக்கெட் வித்தியாசத்தில் இந்தியா தோற்றது.

அதே கோலிதான் ஆட்டம் முடிந்ததும், இப்படி ஃபீல்டிங் செய்தால் எத்தனை ரன் எடுத்தாலும் போதாது என்றார். அது விமர்சனம். தவறைச் சுட்டியது, ஆளைச் சிறுமைப்படுத்தவில்லை.

அன்று ரிஷப் பந்த்துக்கு வயது 22, சுந்தருக்கு 20. கல்லூரி வயதுதான். கல்லூரி ஆட்டங்களுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

"டிக்கெட் வாங்கியவனுக்குக் கூவ உரிமை இல்லையா?" என்று கேட்பார்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இந்த வாதத்துக்கு இப்போது பலம் கூடியிருக்கிறது. 2021 முதல் அங்கே கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 முதல் கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம். காசு வாங்குகிறவன் கூச்சலையும் வாங்கிக்கொள்ளட்டும் என்கிறார்கள்.

நம் ஊர்க் கணக்கு வேறு. கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்குப் பெரும்பாலும் டிக்கெட்டே கிடையாது. ஆடுகிறவனுக்குக் கிடைப்பது விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடம், கொஞ்சம் கருணை மதிப்பெண், ஒரு சான்றிதழ். பிற்பாடு ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம்.

கூவினால்தான் திருந்துவார்கள் என்பதும் சரியல்ல. 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் காபாவில், 1988க்குப் பிறகு அங்கே டெஸ்ட் தோற்காத ஆஸ்திரேலியாவை இந்தியா வீழ்த்தியது. முதல் டெஸ்ட் ஆடிய சுந்தர் முதல் இன்னிங்ஸில் 62. கடைசி நாளில் பந்த் ஆட்டமிழக்காமல் 89. இதைக் காரியவட்டத்துக் கூச்சலின் கணக்கில் எழுத யாருக்காவது துணிச்சல் உண்டா?

சஞ்சுவுக்கு இடமில்லை என்ற கோபம் நியாயமாகவே இருக்கட்டும். அதைக் கேட்க வேண்டியது தேர்வுக் குழுவிடம். கேட்ச் விட்ட இருபது வயதுப் பையனிடம் அல்ல.