கட்டுவிரியன் கடிக்குக் காற்றும் ஒரு மருந்து

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற சாலையில் இருக்கிறது திருவரங்குளம். கொஞ்சம் தள்ளி வம்பன். உளுந்து ரகங்களுக்குப் பேர்போன பயறு ஆராய்ச்சி நிலையம் அங்கேதான். கடலையும் உளுந்தும் நெல்லும் விளைகிற பூமி. மும்முனை மின்சாரம் இரவில் வந்தால் இரவில்தான் மோட்டார் போடப் போக வேண்டும். கோடையில் புழுக்கம் தாங்காமல் திண்ணையிலோ வாசலிலோ பாயை விரித்துப் படுப்பார்கள். வயலும் வைக்கோலும் இருக்கிற இடத்தில் எலியும் தவளையும் இருக்கும். அவற்றைத் தேடிக்கொண்டு பாம்பு வரும்.

பாம்புகளில் கட்டுவிரியன் தனி ரகம். நடமாட்டமெல்லாம் இரவில்தான். கடித்த இடத்தில் வீக்கம் இருக்காது, பெரிய வலியும் இருக்காது. தூங்குகிறவருக்குக் கடிபட்டதே தெரியாமல் போவதுண்டு. விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்பார். பிறகு இமையைத் தூக்க முடியாது. பேச்சு மூக்கால் வரும். எச்சிலை விழுங்க முடியாது. தலையணையிலிருந்து தலை எழும்பாது. கடைசியாக மூச்சு.

இந்த விஷம் நரம்பு முனைகளைச் சிதைக்கிறது. மூளை அனுப்புகிற கட்டளை தசைக்குப் போய்ச் சேர்வதில்லை. உதரவிதானமும் விலா எலும்புத் தசைகளும் அசையாதபோது மூச்சு நிற்கிறது. ஆனால் மூளைக்கு நேரடியாக ஒன்றும் ஆகவில்லை. இதயம் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. சுற்றி நின்று அழுகிறவர்களின் குரல்கூட அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கலாம். கண் பாவையும் வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நின்றுவிடுவதால், மூளைச்சாவு என்று மருத்துவர்களே தவறாக எண்ணி, பிறகு அந்த நோயாளி எழுந்து உட்கார்ந்த கதைகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

பாம்புக்கடி முறிவு மருந்தைக் கட்டாயம் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. ஆனால் அது ரத்தத்தில் சுற்றுகிற விஷத்தைத்தான் பிடிக்கும். ஏற்கெனவே சிதைந்த நரம்பு முனையை மீட்டுத் தராது. நல்லபாம்பு கடியில் நியோஸ்டிக்மைன் ஊசி பலருக்குக் கைகொடுக்கிறது. கட்டுவிரியனிடம் அது பெரும்பாலும் எடுபடுவதில்லை. நரம்பு முனை தானாக மறுபடி முளைக்க வேண்டும். அதற்குச் சில நாட்கள் ஆகும், சிலருக்கு ஒரு வாரத்தையும் தாண்டும். அதுவரை அவருக்காக வேறு யாராவது மூச்சு விட வேண்டும். விட்டால் பிழைத்து எழுந்து வீட்டுக்கு நடந்து போவார். நம் ஊர் விஷங்களில் இப்படி வெறும் காற்றால் இவ்வளவு தூரம் காப்பாற்ற முடிவது குறைவு.

இதை உலகம் பெரிய அளவில் கற்றுக்கொண்டது பாம்புக்கடியிலிருந்து அல்ல, போலியோவிலிருந்து. 1952-ல் கோபன்ஹேகன் நகரில் போலியோ பரவியபோது பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத்தசை செயலிழந்தவர்கள் குவிந்தார்கள். அப்போதிருந்த மூச்சு எந்திரங்களில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் மூன்று நாட்களுக்குள் இறந்துபோனார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் ஒரு யோசனை சொன்னார். அறுவை அரங்கில் மயக்கத்தில் இருப்பவருக்கு நாங்கள் பையை அழுத்தித்தானே மூச்சு கொடுக்கிறோம், அதையே இங்கும் செய்யலாமே என்றார். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்குச் செய்து காட்டினார். அவள் பிழைத்தாள். அதன்பின் சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, மாதக்கணக்கில், இரவும் பகலும் கையால் பை அழுத்தினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு என்று இன்று நாம் சொல்வது அங்கேதான் பிறந்தது.

அந்தப் பைக்கு வாயு உருளை வேண்டும். உருளை இல்லாத இடத்தில்? அதே டென்மார்க்கைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர் ஹென்னிங் ரூபனும் பொறியாளர் ஹோல்கர் ஹெஸ்ஸேயும் சேர்ந்து, அழுத்திவிட்டால் தானே உப்பிக்கொள்ளும் பையை உருவாக்கினார்கள். 1956-ல் அது விற்பனைக்கு வந்தது. நம் ஊர் வார்டுகளில் ‘ஆம்பு பேக்’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஆக்சிஜன் இருந்தால் இணைக்கலாம். இல்லாவிட்டால் அறைக் காற்றையே இழுத்துக்கொள்ளும். வென்டிலேட்டர் கிடைக்காத நாட்களில் நோயாளியின் அண்ணன், மைத்துனன், மகன் என்று மாறி மாறி உட்கார்ந்து மணிக்கணக்கில் இந்தப் பையை அழுத்திய குடும்பங்கள் இந்தியாவில் ஏராளம்.

பை மட்டும் போதாது. காற்று உள்ளே போக வழி வேண்டும். தொல்லை இங்கேதான் ஆரம்பிக்கிறது. மல்லாந்து கிடப்பவரின் தசைகள் தளரும்போது நாக்கும் மெல்லண்ணமும் பின்பக்கம் சரிந்து தொண்டையை அடைத்துவிடும். தலையைப் பின்னால் சாய்த்து முகவாயைத் தூக்கினால், அல்லது கீழ்த்தாடையை முன்னால் தள்ளினால், பெரும்பாலும் வழி திறக்கும். செலவில்லாத வைத்தியம். ஆனால் தெரிந்தவர்கள் குறைவு.

கையை எவ்வளவு நேரம் அப்படியே வைத்திருப்பது? 1933-ல் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ஆர்தர் குடெல் வளைந்த சின்னக் குழாய் ஒன்றைச் செய்தார். வாயில் வைத்தால் நாக்கை முன்னால் தாங்கிக்கொள்ளும். வாயின் ஓரத்திலிருந்து காதுக்குக் கீழே தாடை வளைகிற இடம் வரை நீளம் பார்த்து அளவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நினைவோடு இருப்பவருக்கு வைத்தால் குமட்டி வாந்தி வரும், வைக்கக் கூடாது.

குடெல் விசித்திரமான மனிதர். மூச்சுக்குழாய்க்குள் போகும் ரப்பர் குழாயைச் சுற்றி ஊதக்கூடிய பலூன் ஒன்றைச் சேர்த்தால் தண்ணீர்கூடக் கசியாது என்று நிரூபிக்க விரும்பினார். 1920-களில் தன் நாய்க்கு மயக்கம் கொடுத்து, அந்தக் குழாயைப் போட்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்கவைத்துக் காட்டினார். வெளியே எடுத்ததும் நாய் விழித்து, உடம்பை உதறிக்கொண்டு, படுத்துத் தூங்கிவிட்டதாம். நாயின் பெயர் ‘ஏர்வே’.

அந்தப் பலூன் குழாய்தான் இன்றும் அறுவை அரங்கின் ராஜா. ‘டியூப் போட்டாச்சா?’ என்று கேட்பது இதைப் பற்றித்தான். 1878-லேயே கிளாஸ்கோவில் அறுவை மருத்துவர் வில்லியம் மெக்யூவன் விழித்திருந்த ஒரு நோயாளிக்கு விரலால் தடவி உலோகக் குழாயை மூச்சுக்குழாய்க்குள் செலுத்தியிருக்கிறார். முதல் உலகப் போரில் முகம் சிதைந்து வந்த சிப்பாய்களுக்கு அறுவை சிகிச்சை செய்தபோது, முகமூடியை வைக்கவே முகம் இல்லாததால் மயக்கவியல் மருத்துவர் ஐவன் மாகில் இந்தக் கலையை வளர்த்தெடுத்தார். 1943-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ராபர்ட் மாக்கின்டாஷ் வளைந்த தகடுள்ள லாரிஞ்சோஸ்கோப்பை உருவாக்கினார். இடது கையில் பிடித்து, நாக்கை ஒதுக்கி, குரல்வளை மூடியைத் தூக்கினால் குரல்நாண்கள் இரண்டும் வெளிறிய கோடுகளாகத் தெரியும். அவற்றின் நடுவே குழாய் போக வேண்டும். பின்னாலேயே, தொட்டுக்கொண்டு, உணவுக்குழாய். அதற்குள் போய்விட்டால் காற்று வயிற்றை நிரப்பும். நுரையீரலுக்கு ஒன்றும் போகாது. மூளைக்கு இருப்பதோ சில நிமிடங்கள்.

தினமும் செய்கிற மயக்கவியல் மருத்துவரின் கையில் இது சில வினாடி வேலை. மாதத்துக்கு ஒருமுறை செய்கிறவர் கையில், ஓடுகிற ஆம்புலன்ஸ் வண்டிக்குள், வாந்தியும் எச்சிலும் நிறைந்த தொண்டையில் இது சூதாட்டம்.

லண்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஆர்ச்சி பிரெய்ன் 1981-ல் வேறு மாதிரி யோசித்தார். முகத்தின் மேல் வைக்கிற முகமூடியை உள்ளே கொண்டுபோய்க் குரல்வளையின் வாசலிலேயே பொருத்தினால் என்ன? சடலங்களின் தொண்டையைப் பிளாஸ்டரில் அச்செடுத்தார். பல் மருத்துவத்தில் பயன்பட்ட மூக்கு முகமூடியின் ரப்பர் விளிம்பை வெட்டி ஒரு குழாயோடு ஒட்டினார். 1983-ல் ஆய்விதழில் எழுதினார்; 1988-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. ‘எல்.எம்.ஏ.’ என்று மருத்துவர்கள் சொல்லும் லாரிஞ்சியல் மாஸ்க் இதுதான். குரல்நாணைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. அண்ணத்தை ஒட்டித் தள்ளினால் தன் இடத்தில் போய் உட்காரும்.

அடுத்த தலைமுறை ஐ-ஜெல். பிரிட்டனில் மயக்கவியல் மருத்துவர் முகமது நாசிர் வடிவமைத்து 2007 வாக்கில் புழக்கத்துக்கு வந்தது. ஊதுகிற பலூனே கிடையாது. நுங்கு மாதிரி மெத்தென்ற ஒரு பொருள் குரல்வளையின் வடிவத்தோடு ஒட்டிக்கொள்கிறது. வயிற்று நீரை வெளியேற்றத் தனித் துளை இருக்கிறது. எடையைப் பார்த்து அளவு எடுக்கலாம்: 30 முதல் 60 கிலோ வரை மஞ்சள் நிற மூன்றாம் எண், 50 முதல் 90 வரை பச்சை நிற நான்காம் எண். பதற்றத்தில் கைக்கு இதைவிட வசதி வேறென்ன?

சௌகரியம் சரி, உயிர் காப்பதில் எப்படி? 2018-ல் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளியாயின. இரண்டுமே மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோனவர்களைப் பற்றியவை. இங்கிலாந்தில் 9,296 பேரை வைத்து ஐ-ஜெல்லையும் குழாயையும் ஒப்பிட்டார்கள். நல்ல நிலையில் மீண்டவர்கள் ஐ-ஜெல் குழுவில் 6.4 சதவீதம், குழாய்க் குழுவில் 6.8, சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் 3,004 பேரை வைத்து, பார்க்காமலே செலுத்தக்கூடிய லாரிஞ்சியல் டியூபைக் குழாயோடு ஒப்பிட்டார்கள். 72 மணி நேரம் உயிரோடு இருந்தவர்கள் முன்னதில் 18.3 சதவீதம், பின்னதில் 15.4. பாம்புக்கடிக்கு இதை அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் வண்டிக்குள் கஷ்டமான கருவிதான் உயர்ந்த கருவி என்ற பெருமிதம் அதோடு ஆட்டம் கண்டது.

இந்தியாவிலும் இதே திசையில்தான் யோசித்திருக்கிறார்கள். அகில இந்திய கடின சுவாசப்பாதைச் சங்கம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் மயக்கவியல் நிபுணர்களுக்கே கடிவாளம் போடுகின்றன: குழாய் போட மூன்று முயற்சிக்கு மேல் வேண்டாம், எல்.எம்.ஏ. வகைக் கருவிக்கு இரண்டு முயற்சி. நடுவில் ஆக்சிஜன் அளவு குறைந்தால் நிறுத்திவிட்டு முகமூடியால் மூச்சு கொடு. எதுவுமே முடியாவிட்டால் கழுத்தின் முன்புறம் கீறி வழி செய். மூச்சடைத்த நோயாளிகள் பலரைக் கெடுப்பது ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்ற பிடிவாதம்தான்.

108 ஆம்புலன்ஸ் சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கியது. வண்டியில் இரண்டு பேர்: ஓட்டுநர், அவரைப் ‘பைலட்’ என்பார்கள், பின்னால் மருத்துவ உதவியாளர், ‘இ.எம்.டி.’. பின்னால் இருப்பவருக்கு இருப்பதே இரண்டு கைகள். முகமூடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து மறு கையால் பை அழுத்தினால், குலுங்குகிற சாலையில் காற்று ஓரத்தில் கசியும். ஐ-ஜெல் உட்கார்ந்துவிட்டால் அந்தத் தொல்லை பெருமளவு தீரும். எல்லா வண்டியிலும் ஐ-ஜெல் வகைக் கருவியும் அடிக்கடி பழகிய கையும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போய்ச் சேர்ந்ததும் நிதானமாகக் குழாய் போட்டுக்கொள்ளலாம்.

ஐ-ஜெல்லுக்கும் எல்லை உண்டு. வயிற்றிலிருந்து மேலே வருவதை அது முழுதாகத் தடுக்காது. பூச்சிமருந்து குடித்தவருக்கு எச்சிலும் சளியும் பெருகி வழியும். அவருக்கு முதலில் அதை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன், பிறகு கூடிய சீக்கிரம் குழாய். எந்தக் கருவி வைத்தாலும், அது சரியான இடத்தில் இருக்கிறதா என்று சொல்ல நம்பகமான சாட்சி வெளிமூச்சில் வரும் கரியமில வாயு. கேப்னோகிராஃப் திரையில் ஒவ்வொரு மூச்சுக்கும் அலை எழும்பினால் காற்று நுரையீரலுக்குப் போய்வருகிறது. கோடு படுத்தே கிடந்தால் குழாய் வயிற்றுக்குப் போயிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். நெஞ்சு உயர்ந்ததே, சத்தம் கேட்டதே என்ற சமாதானமெல்லாம் செல்லாது.

இதெல்லாம் சின்ன விஷயமில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. கட்டு இறுக்குவது, கீறுவது, வாயில் எதையாவது ஊற்றுவது எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்து, எச்சில் வெளியே வழியவிடுங்கள். மூச்சு நின்றுவிட்டால் மல்லாத்தி, முகவாயைத் தூக்கி, வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். நெஞ்சு எழும்ப வேண்டும். இமை எப்போது சரிந்தது, குரல் எப்போது மாறியது என்று மணி பார்த்து வையுங்கள். பேச முடிகிறவரை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். முதலில் முப்பது வரை போனவர் கொஞ்ச நேரத்தில் பதினைந்திலேயே நின்றால், வண்டி வந்ததும் இ.எம்.டி.யிடம் முதலில் அந்த எண்ணிக்கையைச் சொல்லுங்கள். ஆம்பு பேக்கை எப்போது எடுக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்ய அது உதவும்.