நிலையான உத்தியோகமும் நிறைவான வாழ்வும்

மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் ஓய்வூதியம் உறுதி என்று நம்பியே நம்மவர் பலர் டில்லிக்குக் குடிபெயர்ந்தனர். 2004 ஜனவரி 1 முதல், இராணுவம் நீங்கலாக, புதிதாய்ச் சேர்ந்தோருக்கு அவ்வுறுதி நீங்கிற்று. 2025 ஏப்ரல் 1இல் அமலுக்கு வந்த திட்டத்தைத் தேர்ந்தோர், 25 ஆண்டு சேவை புரிந்தால், கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதியைப் பெறுவர். ஆகவே இடையில் விலகுவோர் இழப்பது யாதெனக் கணக்கிடல் வேண்டும்.

தராசின் மறுதட்டில் இருப்பவை குளிர்காலப் புகை, ஊரில் தனித்திருக்கும் பெற்றோர், பிள்ளைகளின் தமிழ். இறுதிக் குறையைத் தீர்க்க டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் உள்ளன; முன்னிரண்டுக்கும் சம்பளம் பரிகாரமாகாது. எஞ்சிய சேவை ஆண்டுகளையும் பெற்றோரின் வயதையும் ஒரே தாளில் எழுதி, இல்லத்தரசியோடு கலந்து முடிவு செய்வதே விவேகம் என்போம்.