சி டிரைவ் சிவப்பாயிடுச்சா? விதையில கை வைக்காதீங்க!

கோவில்பட்டிப் பக்கம் கரிசக்காட்டு வீடுகள்ல அந்தக் காலத்துல குலுக்கை இருக்கும். மண்ணால செஞ்ச தானியக் கூடு. கம்பு, சோளம் எல்லாம் அதுலதான். ஆனா அடுத்த மழைக்கு வச்சிருக்கிற விதையில, பசிச்சாலும் கை வைக்க மாட்டாங்க. விண்டோஸ் லேப்டாப்போட சி டிரைவும் அப்படித்தான்.

டிரைவ் நிறைஞ்சதும் நாம போட்டோக்களை அழிக்கிறோம். ஆனா, கண்ணுக்குத் தெரியாத சிஸ்டம் ஃபைல்களும் நிறைய இடத்தைப் பிடிச்சிருக்கும்.

முதல்ல 'விண்டோஸ் டாட் ஓல்ட்'. பெரிய அப்டேட்டுக்கு அப்புறம் பழைய விண்டோஸ் இதுல தங்கும். வழக்கமா 10 நாள்ல தானா போயிடும். அவசரம்னா 'டிஸ்க் கிளீனப்' திறந்து, 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' அழுத்தி நீக்கலாம். அப்புறம் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது.

அடுத்தது 'ஹைபர்ஃபில் டாட் சிஸ்'. ஹைபர்னேட் பண்ணும்போது ரேமில் இருக்கிற வேலையை எழுதி வைக்கிற ஃபைல். பொதுவா ரேம் அளவுல 40 சதவீதம். 8 ஜிபி ரேம்னா சுமார் 3 ஜிபி. கமாண்ட் பிராம்ப்டை அட்மினா திறந்து, பவர்-சி-எஃப்-ஜி, ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ் ஹெச், ஒரு ஸ்பேஸ், ஆஃப்னு டைப் பண்ணா அது போயிடும். ஆனா கரண்ட் இல்லாம பேட்டரி தீரும்போது உங்க வேலையைக் காப்பாத்துறது இதுதான். அதனால லேப்டாப்ல யோசிச்சு செய்யுங்க.

'வின்-எஸ்-எக்ஸ்-எஸ்' ஃபோல்டர்? பார்க்க ரொம்பப் பெருசா இருக்கும். அதுதான் விதை. கையால அழிச்சா விண்டோஸே திறக்காம போகலாம். அதையும் டிஸ்க் கிளீனப்கிட்டயே விட்டுடுங்க; எது பதர், எது விதைன்னு அதுக்குத் தெரியும்.