அறுவைச் சிகிச்சைக்குப் பின் இன்னொரு மருத்துவரிடம் கேட்கலாமா?



மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் குடும்பத்தார் தயங்கித் தயங்கி ஒன்று கேட்கிறார்கள்: "கீமோ போடணும்னு சொல்றாங்க. வேற டாக்டர்கிட்டயும் கேட்டா, ஆபரேஷன் செய்தவர் கோவிச்சுக்குவாரோ?"

தாராளமாகக் கேட்கலாம். கடை வாங்கவும் சம்பந்தம் பேசவும் நாலு பேரிடம் மஷூரா செய்கிறோம். உயிர் விஷயத்தில் செய்வது மரியாதைக் குறைவாகாது. நல்ல மருத்துவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆபரேஷனுக்குப் பிந்தைய சிகிச்சையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பயாப்சி அறிக்கைதான். கட்டியின் அளவு, அக்குள் நெறிகளில் பரவல் ஆகியவற்றோடு ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ற மூன்று சோதனைகளின் முடிவும் அதில் இருக்க வேண்டும். ஈ.ஆர். பாசிட்டிவ் என்றால் ஹார்மோன் மாத்திரை, வழக்கமாக 5 ஆண்டுகளாவது. ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் அதற்கென்றே தனி ஊசி உண்டு. ஹெர்-2 முடிவு 3+ என்றால் பாசிட்டிவ். 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ். 2+ என்றால் முடிவாகவில்லை என்று பொருள். 'ஃபிஷ்' என்ற சோதனையும் செய்ய வேண்டும்.

நம்மிடம் வந்த ஒரு சகோதரியின் அறிக்கையில் 2+ என்றிருந்தது, ஃபிஷ் செய்யப்படவில்லை. இரண்டாவது மருத்துவர்தான் அதைக் கவனித்தார். சோதித்தபோது பாசிட்டிவ் என்று வந்தது. மருந்துத் திட்டமே மாறியது.

போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, எல்லா பயாப்சி அறிக்கைகள், ஸ்கேன் படங்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கட்டியின் சதையை மெழுகில் பதித்த 'பிளாக்', கண்ணாடி 'ஸ்லைடு' இரண்டையும் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்துக் கேட்டுப் பெறுங்கள். அவை இருந்தால் புதிய மருத்துவர் மறுபடி சோதித்துப் பார்க்க முடியும். பத்திரம்; தொலைந்தால் திரும்பக் கிடைக்காது.

நாள் கடத்தாதீர்கள். கீமோ தேவைப்பட்டால், புண் ஆறியதும் 4 முதல் 6 வாரத்துக்குள் தொடங்குவது வழக்கம். 3 மாதத்தைத் தாண்டினால் பலன் குறையக்கூடும். ஆகவே அறிக்கை கைக்கு வந்த வாரமே புறப்படுங்கள். ஒருவரிடம் கேட்டால் போதும்; ஊர் ஊராக அலைய வேண்டாம். இருவர் சொல்வதும் வேறுபட்டால் இருவரிடமும் காரணம் கேளுங்கள். துஆவும் செய்வோம், அதற்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

சென்னை அடையாறில் 1954 முதல் இயங்கும் புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் ஆகியவற்றில் கேட்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மறக்காதீர்கள்.

இன்னொன்று. ஆண்கள் மட்டும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வருவதைப் பார்க்கிறோம். நோய் அந்தச் சகோதரியின் உடம்பில். அவரும் உட்கார்ந்து கேட்கட்டும். கூச்சமென்றால் பெண் மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள்.

அறிக்கை புரியவில்லை என்றாலும், பயணச் செலவுக்கு வழியில்லை என்றாலும் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், எங்களால் முடிந்ததைச் செய்வோம்.