'டிலாபிடேட்டட்': கல்லை வாரி இறைத்த கதை

மழைக்காலம் நெருங்கினால் மும்பையில் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு வேலை வந்துவிடும். 'டிலாபிடேட்டட்' என்பது அந்தச் சொல். பழைய சால்களைப் பற்றிய பேச்சிலும், வீட்டு வசதி வாரியமான மஹாடா ஆண்டுதோறும் வெளியிடும் ஆபத்தான கட்டடங்களின் பட்டியல் பற்றிய செய்தியிலும், ஆபீஸ் பைல்களில் எழுதும் குறிப்பிலும் அது தலைகாட்டும்.

'பழுதடைந்தது', 'சிதிலமானது' என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். வயதாகிவிட்டது, தானாகவே இற்றுப் போய்விட்டது என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். ஆனால் பிறந்தபோது அது கட்டடத்தின் வயதைச் சொன்ன சொல் அல்ல. ஒரு மனிதனின் குற்றத்தைச் சொன்ன சொல்.

கல்லும் காசும்

லத்தீன் மொழியில் 'லாபிஸ்' என்றால் கல். ரத்தினக் கல்லைப் பட்டை தீட்டுகிறவரை ஆங்கிலத்தில் 'லாபிடரி' என்பது இதனால்தான். 'லாபிடாரே' என்றால் கல்லால் எறிவது. நாலா பக்கமும் சிதறுவதைக் குறிக்கும் ஒரு முன்னொட்டை அதனுடன் சேர்த்தார்கள், 'டிலாபிடாரே' பிறந்தது. கல்லை வாரி இறைப்பதுபோலச் சொத்தை இறைத்து அழிப்பது என்று அதற்குப் பொருள் ஏற்பட்டது.

பணத்தைத் தண்ணீராய்ச் செலவழித்தான் என்று நாம் சொல்கிறோம். ரோமாபுரிக்காரன் கல்லாய் இறைத்தான் என்றான். அவ்வளவுதான் வித்தியாசம்.

பாதிரியார் மேல் வழக்கு

15-ம் நூற்றாண்டு வாக்கில் இந்தச் சொல் ஆங்கிலத்தில் புகுந்தது. இங்கிலாந்தில் அதை முதலில் பிடித்துக் கொண்டவர்கள் தேவாலய வழக்கறிஞர்கள்.

அங்கே அந்தக் காலத்தில் ஊர்ப் பாதிரியாருக்கு வீடும் நிலமும் இருந்தன. பதவியில் இருக்கும் வரை அனுபவிக்கலாம், விற்க முடியாது, அடுத்து வருகிறவரிடம் ஒழுங்காக ஒப்படைக்க வேண்டும். கூரை ஒழுகுவதைக் கண்டும் காணாமல் விட்டால் அதுவே 'டிலாபிடேஷன்'. புதிதாக வந்த பாதிரியார் பழையவர் மேல் வழக்குப் போட்டு நஷ்ட ஈடு கேட்க முடிந்தது. பழையவர் இறந்திருந்தால் அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து வசூலிக்க முடிந்தது. இதிலிருந்து தப்பிக்கச் சிலர் தங்கள் சொத்தை வேறு பெயருக்கு மாற்றி வைத்தார்கள். அதைத் தடுக்க 1571-ல், முதலாம் எலிசபெத் ராணியின் ஆட்சியில், சட்டமே வந்தது. 1871-ல் இதற்கென்றே இன்னொரு சட்டம் வந்து, கட்டடத்தைப் பார்வையிட்டு மதிப்புப் போட சர்வேயர்களை ஏற்படுத்தியது.

'வீடு பழசு, நான் என்ன செய்வேன்?' என்ற சமாதானம் அங்கே எடுபடவில்லை. பழுது பார்க்காமல் விட்டதும் சொத்தை அழித்ததும் ஒன்றே என்பதுதான் அந்தச் சொல்லின் தீர்ப்பு.

குத்தகை வீட்டைக் காலி செய்கிறவர் சரிசெய்து கொடுக்க வேண்டிய பழுதுகளுக்கும் இங்கிலாந்தில் இதே பெயர்தான் வழங்குகிறது. வீட்டுக்காரர் இஷ்டம்போல் தொகை கேட்க முடியாதபடி 1927-ம் ஆண்டுச் சட்டம் வரம்பு வைத்தது.

தானாக விழுவது

'டிகே' என்ற சொல்லின் கதை வேறு. அழுகல், சிதைவு என்று பொருள்படும் இது, கீழே விழுவது என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. நம் மேல் வந்து விழுவதால் 'ஆக்சிடெண்ட்' இதன் உறவு. எதிர்பாராமல் வந்து விழுவதால், குமாஸ்தாக்களுக்கு நன்கு பழக்கமான 'கேஷுவல்' லீவும் இதன் உறவுதான். மும்பை மாநகராட்சியின் 1888-ம் ஆண்டுச் சட்டத்தின் 354-வது பிரிவு இடியும் கட்டடத்தைக் குறிக்கும் 'ரூயினஸ்' என்ற சொல்லும், விழுவது என்று பொருள்படும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

இந்தச் சொற்கள் எதிலும் ஆள் இல்லை. பொருள் தானாக விழுகிறது. 'டிலாபிடேஷ'னில் மட்டும் இறைத்த கை ஒன்று இருக்கிறது. கல் என்ற வேர் இருந்ததால் நாளடைவில் அந்தச் சொல் கட்டடத்தோடு ஒட்டிக் கொண்டது, கை மறைந்துவிட்டது.

மறைந்த கை யாருடையது?

மும்பையில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. 1947-ம் ஆண்டு வாடகைச் சட்டம் பல வீடுகளின் வாடகையை 1940-ம் ஆண்டு நிலையிலேயே நிறுத்தியது. இந்த வாடகையில் எப்படிப் பழுது பார்ப்பது என்கிறார் சொந்தக்காரர். இடிந்து விழட்டும் என்றுதான் காத்திருக்கிறார் என்கிறார் குடியிருப்பவர். அரசு 1969-ல் சட்டம் இயற்றி, பழைய கட்டடங்களுக்கு செஸ் வரி விதித்து, பழுது பார்க்கும் பொறுப்பை ஒரு வாரியத்திடம் கொடுத்தது. பின்னர் அந்த வாரியம் மஹாடாவுடன் இணைந்தது.

அப்படியும் கட்டடங்கள் விழுந்தன. 2017 ஆகஸ்டு 31-ந் தேதி பெண்டி பஜாரில் நூறு வயது கடந்த கட்டடம் இடிந்து 33 பேர் மாண்டனர். ஆபத்தான கட்டடம் என்று அது 2011-லேயே அறிவிக்கப்பட்டிருந்தது. 2013 செப்டம்பர் 27-ந் தேதி மஸ்காவில் இடிந்து 61 உயிர்களைக் கொண்டு போனதோ, மாநகராட்சி ஊழியர் குடும்பங்கள் வாழ்ந்த கட்டடம். அதற்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. வயதின் மேல் மட்டும் பழி போட முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

செல்லரித்த வீடு என்று தமிழில் சொல்லும்போது அரித்தது செல், அதாவது கறையான், என்பது அந்தச் சொல்லிலேயே வந்துவிடுகிறது. நோட்டீஸில் அது வருவதில்லை. கேட்டுத்தான் தெரிந்து கொள்ள வேண்டும்.

நோட்டீஸ் வந்தால்

மாநகராட்சி கட்டடங்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது. 'சி-1' என்றால் காலி செய்து இடிக்க வேண்டியது. 'சி-2ஏ' என்றால் காலி செய்து பெரிய அளவில் பழுது பார்க்க வேண்டியது. 'சி-2பி' என்றால் காலி செய்யாமலே பழுது பார்க்கக் கூடியது. 'சி-3' என்றால் சிறு பழுது. நோட்டீஸில் எந்த வகை என்று முதலில் பார்க்க வேண்டும். கட்டடத்தின் பலத்தைச் சோதித்த என்ஜினீயரின் அறிக்கை நகலையும் கேட்க வேண்டும்.

'சி-1' என்றால் உயிர்தான் முக்கியம். வெளியேறத் தயங்கக் கூடாது. வெளியேறினால் உரிமை போய்விடுமோ என்று பயந்து பலர் உள்ளேயே தங்கி விடுகிறார்கள். கட்டடம் இடிக்கப்பட்டாலும் வாடகைதாரரின் உரிமை அழிவதில்லை என்று, மகாராஷ்டிரத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. இடிக்கும் முன் ஒவ்வொருவரும் குடியிருந்த இடத்தை அளந்து பதிவு செய்ய வேண்டும் என்று அதே ஆண்டில் பம்பாய் ஐகோர்ட்டும் கூறியது. அந்த அளவுச் சான்றையும் வாடகை ரசீதுகளையும் கையில் வாங்கிக் கொண்டுதான் படியிறங்க வேண்டும்.